கொய்யா மரத்தில் தொங்கும் கல்யாண சிடி

ஏனுங்க,

இன்றைக்கும் ஐந்து மணிக்கு அந்த வெளிச்சம் சமையலறைச் சுவரில் ஓடியது. கொய்யா மரத்தில் நீங்கள் கட்டிய சிடி காற்றில் திரும்பியிருக்கும். குக்கரை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிவிட்டது. எனக்கு இன்னும் பழகவில்லை.

மில் வேலை முடிந்து வீட்டோடு இருக்க வந்த மாதமே, பல்லடத்திலிருந்து ஆறு நாட்டுக்கோழிகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கினீர்கள். நமக்கு இருப்பதோ பீளமேட்டுச் சந்துக்குள் கையகலக் கொல்லை. அதில் ஏற்கெனவே நம் நாய் ஜிம்மி வேறு. முதல் நாளே சிவப்புக் கோழியின் வால் இறகு ஜிம்மியின் வாயில் இருந்தது. கோழி பிழைத்துக்கொண்டது. நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவீர்களோ என்று எனக்குத்தான் பயம்.

நீங்கள் அதை அடிக்கக்கூட இல்லை. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, தினமும் சாயங்காலம் கூண்டுக்கு முன்னால் அதனோடு உட்கார்ந்தீர்கள். கோழியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் அதற்கு ஒரு துண்டு பிஸ்கட்.

"என்னைய ஒரு நாளாச்சும் இப்படிப் பக்கத்துல உக்கார வெச்சுப் பிஸ்கட்டு குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டேன். மறுநாள் எனக்கும் ஒன்றை நீட்டினீர்கள், சிரிக்காமல்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அப்புறம் ஜிம்மியின் முதுகில் ஏறிக் கோழி நின்றாலும் அது கண்ணை மட்டும் உருட்டும். கீரி நுழையாமலிருக்கச் சுவரடி ஓட்டைக்குக் கம்பி வலை அடித்தீர்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் கூண்டைத் திறப்பீர்கள், அடையும் நேரம் நெருங்கினால் அதுகள் தாமாகவே திரும்பிவிடும் என்று. மிச்சம் இருந்தது பருந்து.

"நாய்க்குச் சொன்னாக் கேக்கும் அம்மணி. பருந்துக்கு ஆரு போய்ச் சொல்றது?"

பளபளப்பாக எதையாவது தொங்கவிட்டால் பருந்து கிட்டே வராது என்று யாரோ சொன்னார்களாம். பீரோவைக் குடைந்து கையில் அகப்பட்டதை எடுத்துக் கட்டிவிட்டீர்கள். மறுநாள் துணி காயப்போடும்போதுதான் பார்த்தேன், அதன்மேல் நம் மகளின் பெயரும் மாப்பிள்ளை பெயரும் எழுதியிருந்தது.

"ஏனுங்க, புள்ள கல்யாண சிடியவா கட்டிப்போட்டீங்க?"

"போட்டுப் பாக்க ஊட்டுல பொட்டியே இல்ல. அதுல இருக்கறவன் இங்க நேர்லயே நிக்கறனே அம்மணி, என்னையப் பாத்துக்க."

நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மகள் போனில் கேட்டாள், "அம்மா, கல்யாணத்துல அப்பா மைக்கப் பிடிச்சுப் பேசுவாரே, அதக் கேக்கோணும் போல இருக்குது." அவளிடமிருந்த சிடி வீடு மாற்றியதில் தொலைந்துவிட்டது. படம் எடுத்த ஸ்டுடியோவும் இப்போது இல்லை. செல்போனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள் நீங்கள். உங்கள் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறி அவிழ்த்தேன். முந்தானையில் துடைத்து, காந்திபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெயில்லயே கெடந்துருக்குதுங்களாம்மா? ஒண்ணும் வராதுங்க."

பஸ்ஸில் வரும்போது உங்கள்மேல் அப்படியொரு கோபம். கோழிக்குக் காவல் வைக்க வேறு பொருளே கிடைக்கவில்லையா உங்களுக்கு? வீட்டுக்கு வந்து அதை உங்கள் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரமே பருந்து வந்தது. நீங்கள் அடை வைத்துவிட்டுப் போன முட்டையில் பொரித்த குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஜிம்மி மதிலுக்கு மதில் குரைத்து ஓடியது. நான் கரண்டியோடு வாசற்படியில் நின்றேன். தாய்க்கோழி வெகுநேரம் கத்திக்கொண்டே இருந்தது.

அழுதுகொண்டேதான் பீரோவைத் திறந்தேன். அதே கயிற்றில், அதே கிளையில் கட்டினேன்.

இப்போதெல்லாம் கூண்டைத் திறந்துவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன். ஜிம்மிக்குக் கண் மங்கிவிட்டது, என் காலடியில் படுத்திருக்கும். சிடி திரும்பும்போது வெளிச்சம் அதன்மேலும் என்மேலும் ஏறிப் போகிறது. அந்த சிடிக்குள் எங்கேயோ நீங்கள் வேட்டியும் துண்டுமாய் மைக்கின் முன்னால் நிற்கிறீர்கள். நீங்கள் பேசியது இரண்டே வரி. அன்றைக்கு மண்டபமே சிரித்தது. மகளுக்கு அதை நான்தான் போனில் சொல்லிக் காட்டினேன், உங்களைப் போலவே இழுத்து. இரண்டு பேரும் அழுதோம்.

கம்பை அள்ளி இறைக்கும்போது கோழிகளுக்கும் அதையே சொல்கிறேன்.

"வந்தவங்க ஒருத்தரும் அவசரப்படாதீங்க. எல்லாரும் இருந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணுமுங்க."