இரண்டாவது ஐகான்

உன் மடிக்கணினியை இன்று காலை உன் மனைவி வேங்கிக்காலில் உள்ள நம் பத்திரிகை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். விசைகளின் இடுக்கில் இன்னும் விபூதி ஒட்டியிருக்கிறது. திறந்தேன். நம் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு இரண்டு ஐகான்கள் இருந்தன.

இந்தக் கணினிகள் வந்த நாள் நினைவிருக்கிறது. திரை அவ்வளவு துல்லியம், எழுத்து அவ்வளவு பொடி. நீ லினக்ஸ் போட்டு, எழுத்தின் அளவை இருநூறு சதவீதமாக்கினாய். மற்றதெல்லாம் பெரிதாயிற்று. அந்தப் பழைய மென்பொருளின் மெனு மட்டும் எள்ளு மாதிரியே இருந்தது. "இது சிஸ்டம் சொல்றத கேக்காதுபா. தனியா சொல்லணும்" என்றபடி, அதைத் திறக்கும் கட்டளைக்கு முன்னால் இரண்டு மடங்கு என்று ஒரு வரி சேர்த்தாய். என் கணினியில் மட்டும். உனக்கு வேண்டாமா என்றதற்கு, "எனக்கு இன்னா வயசா ஆயிடுச்சு?" என்றாய்.

பிறகு நீ செய்த அந்த நினைவஞ்சலிப் பக்கம். அடி அண்ணாமலை கிராமத்து விவசாயியின் படத்துக்குக் கீழே, அதே பக்கத்தில் அஞ்சலி வந்த ஒரு பள்ளி ஆசிரியரின் பெயர். இரண்டு குடும்பங்களும் வாசலில் வந்து நின்றன. எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "கண்ண எங்கபா வெச்சிருந்த?" நீ சிரித்தாய். அன்றிலிருந்து பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்தாய்.

இன்று இரண்டாவது ஐகானை அழுத்தினேன். நான்கு மடங்கு. திரையில் ஒரு படமும் பாதிப் பெயரும்தான் அடங்கின. உன் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா அவருக்கு எடது கண்ணு சுத்தமா தெரியாதுண்ணா. இன்னொண்ணும் கம்மிதான். வேலை போயிடும்னு யாருகிட்டயும் சொல்லல. உங்களுக்காச்சும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியவில்லை. பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் கிரிவலப் பாதையில், இடப்பக்கச் சந்திலிருந்து வந்த வேன் உன் பைக்கில் மோதியது; நீ பிழைக்கவில்லை. அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன். வேறு யாரும் எழுதக் கூடாது என்று கேட்டு வாங்கி எழுதினேன். போலீஸ் சொன்னதை அப்படியே போட்டேன்: பைக்கைக் கவனக்குறைவாக ஓட்டியதே விபத்துக்குக் காரணம். முப்பது வருடப் பழக்கம், கை தானாக எழுதியது. உன் மனைவி அதைப் படித்திருப்பார்.

மாலையில் செங்கம் சாலை விபத்துச் செய்தி ஒன்று வந்தது. போலீஸ் குறிப்பில் அதே வார்த்தை: கவனக்குறைவு. உன் இரண்டாவது ஐகானில் திறந்து, அந்தக் குறிப்பைப் பக்கத்தில் போட்டேன். திரை முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் நின்றது. அதை அழித்துவிட்டு, இறந்தவர் வீட்டுக்குப் போன் செய்தேன்.