காமாலை என்று சொன்னார்கள், வசந்தி

என் தங்கம் வசந்திக்கு,

நல்லா இருக்கியா என்று உன்னைக் கேட்க முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். உன் மகள் கயலுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை கும்பகோணத்தில் நிச்சயதார்த்தம். உன் வீட்டுக்காரர் பாலு நேரில் வந்து அழைத்ததால் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். "பொண்ணோட அம்மாவுக்கு என்ன ஆச்சுங்க? ரொம்பச் சின்ன வயசுன்னு சொன்னாங்களே?" பாலு தாம்பூலத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொன்னது உன் கொழுந்தன் பன்னீர்.

"அண்ணிக்கு மஞ்சக்காமாலைங்க. யாருகிட்டயும் சொல்லாம விட்டுட்டாங்க. தாயில்லாப் புள்ளைய நான்தான் தூக்கி வளத்தேன்."

சொல்லிவிட்டுத் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

காமாலையாம்! உன்னை மண்ணுக்கு அனுப்பியது போதாதென்று, நீ எதனால் செத்தாய் என்பதையும் திருடிவிட்டார்கள். இத்தனை வருடம் அடக்கி வைத்த கோபம் அன்றைக்குப் பொங்கியதுதான், இன்னும் அடங்கவில்லை. அதனால் இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. எல்லாரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. திருவிடைமருதூரில் என் பிரவுசிங் சென்டருக்கு நீ முதலில் வந்தது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த பாலுவுக்கு மெயில் அனுப்பத்தான். என் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். கடை அவர் யோசனை, நடத்தியது நான். எனக்கோ கணினி என்றாலே பயம். இடுப்பில் குழந்தையோடு வந்த நீ திரையைப் பார்த்துச் சிரித்தாய்.

"என்ன லாத்தா, பக்கத்தையே காணோம்? மேல பூரா பட்டை பட்டையா நிக்குது!"

எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் நாளே நீ எனக்குத் தங்கச்சியாகிவிட்டாய்.

நீ சொன்னது சரிதான். வருகிற பையன்கள் எதைக் கேட்டாலும் 'யெஸ்' அமுக்கிவிட்டுப் போவார்கள். சிரிக்கிற பொம்மைக்கு ஒரு டூல்பார், வானிலைக்கு ஒரு டூல்பார், பாட்டுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாத ஒன்று. பாதித் திரையை அவையே அடைத்துக்கொண்டிருந்தன. நீ ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாய், நடவு வயலில் களை பறிக்கிற மாதிரி. எங்கே படித்தாய் என்று கேட்டேன். பிளஸ் டூ, அதற்கு மேல் கல்யாணம் என்றாய். மறுநாளிலிருந்து என்னோடு கடையைப் பார்த்துக்கொண்டாய்.

நீ வந்த பிறகுதான் அது கடை மாதிரி ஆனது. மேலே ஒரே ஒரு புக்மார்க் பட்டை, அடிக்கடி திறக்கிற பக்கங்களைக் குறித்து வைக்க. அதில் நீ தமிழில் பெயர் வைத்தாய்: பாஸ்போர்ட், விமானம், ரிசல்ட், ரயில், மெயில். அந்தக் கணினியில் தமிழ் எழுத்து வர நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குவைத்தில் மகன் இருக்கிற பெண்கள், சவுதிக்குப் போன புருஷனிடமிருந்து கடுதாசி வராத பெண்கள், இங்கிலீஷ் எழுத்தைக் கண்டாலே கூசியவர்கள், தாங்களே 'விமானம்' என்று படித்து அமுக்கினார்கள். "நானே தொறந்துட்டேன் வசந்தி!" என்று அவர்கள் சத்தம் போட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

இடது பக்கத்தில் திறக்கிற சைடுபார் உனக்கு ரொம்பப் பிடிக்கும். புக்மார்க்குகளை அங்கே விரித்து வைத்துக்கொண்டு, ஒன்றை அமுக்கி, வலப்பக்கம் படித்து, அடுத்ததை அமுக்குவாய். "பக்கத்த மூடி மூடித் தொறக்க வேணாம் லாத்தா. எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும்" என்பாய். கடிகாரப் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் அதே இடத்தில் ஹிஸ்டரி வரும். இன்று, நேற்று, போன வாரம் என்று யார் எதைப் பார்த்தார்கள் என்பது முழுக்க அதில் நிற்கும். உரக்கடை வைத்திருந்த பன்னீர் விலை பார்க்க வரும்போதெல்லாம், பார்த்த பக்கத்தைத் தொலைத்துவிட்டு முழிப்பான். அவனுக்கு அந்தப் பொத்தானைக் காட்டிக் கொடுத்தவளே நீதான். "திரும்பத் தேட வேணாம் தம்பி. இத அமுக்குனா போதும்."

அந்த ஐப்பசி மழையில் கடையில் ஆளில்லாத ஒரு மதியம். நீ என் கையைப் பிடித்து உன் மார்பில் வைத்தாய். "இங்க கெட்டியா ஒண்ணு இருக்கு லாத்தா. வலிக்கல. ஆனா போகவும் மாட்டேங்குது."

உடனே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "முதல்ல என்னன்னு தெரிஞ்சுக்குறேன்" என்றாய். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாய். இங்கிலீஷில் தெரியாத வார்த்தைக்கு அகராதி பார்த்தாய். எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று படம் போட்டிருந்த பக்கங்களையும் பார்த்தாய். முகம் வெளுத்துப் போனது, ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியில், "டாக்டர்ட்ட காட்டத்தான் வேணும் லாத்தா. வியாழக்கிழமை போலாம். பாலுகிட்ட இன்னிக்கு சொல்லிடுறேன்" என்றாய்.

அந்த வியாழக்கிழமை வரவேயில்லை.

மறுநாள் பன்னீர் வந்தான். பழைய பக்கத்தைத் தேடிக் கடிகாரப் பொத்தானை அமுக்கினான். 'நேற்று' திறந்தது. அவன் கண்ணில் பட்டது படம் மட்டும்தான். ஒன்றைத் திறந்தான், இன்னொன்றைத் திறந்தான். பிறகு திரையைக் கடையில் இருந்த எல்லாரும் பார்க்கும்படி திருப்பினான்.

"பாருங்கப்பா! எங்க அண்ணன் அங்க இரும்பு அடிக்கிறான். இவங்க இங்க உக்காந்து அம்மணக் கட்டையப் பாக்குறாங்க!"

"அது நோயைப் பத்திப் போட்டிருக்கு தம்பி, படிச்சுப் பாருங்க!" என்று நான் கத்தினேன். "கேன்சருன்னு மேலயே எழுதியிருக்கு, கண்ணு தெரியலையா?"

"நீங்க சும்மா இருங்க. கடைங்கிற பேர்ல நீங்க நடத்துறது எங்களுக்குத் தெரியாதா?"

கடையில் இருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. 'ரிசல்ட்' பார்க்க வந்தவர்கள், 'விமானம்' பார்க்க வந்தவர்கள், உன்னிடம் கற்றுக்கொண்டவர்கள். ஒருத்தராவது அந்தத் திரையில் இருந்த நாலு வரியைப் படித்திருக்கலாமே? நீ புடவைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாய், என்னவோ எல்லாரும் உன்னையே பார்த்துவிட்ட மாதிரி. அந்த ஒரு அசைவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவன் உன்னைக் கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்கே சிங்கப்பூருக்குப் போன் போனது. பாலு உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னாய்: "மானத்த வாங்கிட்டியே, இனிமே கடைப்பக்கம் போவியா?" போகமாட்டேன் என்றாய். கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன்டி சொல்லவில்லை? அப்படிக் கேட்டவரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாயா? உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு வசந்தி, மறைக்கமாட்டேன். ஆனால் உன் மேல் வருகிற கோபம் அழுகையில் போய் முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் மேல் வருவது அப்படி முடிவதில்லை.

நான் உன் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே பன்னீர் மறித்தான். "அவங்களுக்கு மார்ல கட்டி இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று தெருவே கேட்கச் சொன்னேன். "வெக்கங்கெட்ட பேச்சு" என்று கதவைச் சாத்தினான். பாலுவுக்கு நானே மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. பொங்கல் போய், அறுப்பும் முடிந்து, பாலு விடுமுறையில் வந்து தன் கண்ணால் பார்த்த பிறகுதான் உன்னைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். நான் கதவருகில் நின்றேன். பன்னீர் கூசாமல் சொன்னான்: "அவங்க எங்ககிட்ட சொல்லவே இல்லீங்க டாக்டர்."

கட்டிலில் கிடந்த நீ அவனைப் பார்த்தாய். நான்தான் சொன்னேன், நர்ஸ் வந்து என்னை வெளியே தள்ளுகிற அளவுக்குச் சொன்னேன்.

நீ போன பிறகு அந்த டாக்டரம்மா பாலுவைத் தனியாகக் கூப்பிட்டார். "சின்ன வயசுலயே வந்திருக்கு. பொண்ணு பெரியவளானதும் கண்டிப்பா சொல்லிடுங்க, அவ முன்கூட்டியே செக் பண்ணிக்கணும்." பாலு அழுதுகொண்டே தலையாட்டினார். பன்னீர் ஒன்றும் வளர்க்கவில்லை, கயலை மன்னார்குடியில் உன் அம்மா வீட்டில்தான் விட்டார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சொல்லிட்டேன் லாத்தா, அவளுக்குத் தெரியும்" என்பார் பாலு. நான் நம்பினேன். வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது, அந்த மண்டபத்தில் காமாலையை நம்பித் தலையாட்டியவர்களில் உன் மகளும் ஒருத்தி என்று.

ஏன் மறைத்தார்கள்? கேன்சர் வந்த குடும்பம் என்றால் யாரும் பெண் எடுக்க மாட்டார்களாம். நாளைக்கு அவளுக்கு ஏதாவது என்றால் அப்போது என்ன சொல்வார்கள்? அவளும் சொல்லவே இல்லை என்பார்களா?

நேற்று தஞ்சாவூர் போனேன். கயல் அங்கே ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். உன் நெற்றி, உன் சிரிப்பு. புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் நடந்தது, திரையைத் திருப்பியது, டாக்டரம்மா சொன்னது. காபி ஆறிப்போனது. அவள் அழவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும் பெரியம்மா?"

"ஊருக்கே தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாது."

போனை எடுத்து மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "சித்தப்பா, அம்மா எதுல செத்தாங்க?"

"என்னம்மா திடீர்னு? காமாலைதான்னு தெரியும்ல?"

"பக்கத்துல ஹாஜிரா பெரியம்மா இருக்காங்க சித்தப்பா."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கயலு, கல்யாணம் முடியட்டும்மா. எல்லாம் உன் நல்லதுக்குத்தான். அந்தம்மா பேச்சைக் கேட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்காத."

"எங்கம்மாவும் உங்க பேச்சைக் கேட்டவங்கதான் சித்தப்பா. போதும்."

இதை அவள் கத்திச் சொல்லவில்லை வசந்தி. நான் அன்றைக்குக் கத்தியதெல்லாம் ஒன்றுமில்லை, அவள் மெதுவாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால். போனை வைத்தான் அவன். உடனே மாப்பிள்ளைப் பையனைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், உங்க வீட்ல எங்க ஆளுங்க பொய் சொல்லிட்டாங்க, நான் பரிசோதனைக்குப் போறேன். "அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றேன் கயல்" என்றான்.

இதை எழுதுகிற வரை அவன் சொல்லவில்லை. நல்ல பையனா, இல்லை இன்னொரு பாலுவா? எனக்குத் தெரியவில்லை. இன்று காலை பாலு என் வாசலுக்கு வந்தார். "கல்யாணத்தக் கெடுத்துட்டீங்களே லாத்தா" என்றார். "பொண்டாட்டிய விட்டீங்க. மகளையும் விடச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகும்போது, "எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று மட்டும் கேட்டார். கேட்டது அக்கறையிலா, தடுக்கவா? சொல்லவில்லை நான்.

திங்கட்கிழமை காலையில் கயலுக்கு டோக்கன் போட்டிருக்கிறது. நான் கூடப் போகிறேன். இந்தத் தடவை வாசலில் மறிக்க எவன் வந்தாலும் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவேன். டாக்டர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவள் வாயாலேயே பதில் சொல்ல வைப்பேன். கல்யாணம் நடந்தால் உன் இடத்தில் நின்று நடத்துவேன். நின்று போனால், என் வீட்டு மாடி அறையை அவளுக்காகக் கூட்டிச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொரு வருடமும் அவளைக் கூட்டிப் போவேன், என் கால் நடக்கிற வரைக்கும். கோபத்தை மட்டும் விடச் சொல்லிக் கேட்காதே. அது இருக்கிறவரைதான் நான் எழுந்து நடப்பேன்.

உன் மகளுக்கு இனி பெரியம்மா மட்டுமில்லை, தாயும் நானே.

உன் லாத்தா,
ஹாஜிரா