ஓட்டையை அடைத்த சூப்பர்வைசர் அக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம், யாரோ ஆற்றோரம் கைவிட்டுப்போன படகிலிருந்து டீசல் கசிந்தது. சற்றுத் தள்ளித்தான் ஊருக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். கசிவை அகற்றப் போன நாங்கள், டீசல் பரவாமலிருக்க மிதவைத் தடுப்பு கட்டுவதற்குள் எங்கள் சூப்பர்வைசர் அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓட்டையைத் துணியால் அடைத்து அழுத்திக்கொண்டார். டீசலை உறிஞ்சும் பம்பு வந்து சேர இரண்டு மணி நேரமானது.

"நான் பிடிக்கிறேன், ஏறி வாங்கக்கா" என்றேன்.

"கையை எடுத்தா ஆத்துக்குப் போயிடும். நீ தடுப்பைப் பாருடா."

குடிநீர் தப்பியது. கரையேறிய அக்காவுக்கு விரல் மடங்கவில்லை. டீ டம்ளரை நான்தான் பிடித்துக்கொண்டேன். அப்படிப்பட்டவரிடம் வேலை செய்கிறேன், அம்மா. எனக்கு பூட்ஸ் நனைந்ததோடு சரி.

இங்கே தலையணை உறை சொரசொரவென்று இருக்கிறது. உங்கள் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்