தங்கச்சி காய்ச்சிய செர்ரி பீர்

ஜூன் 22, ஞாயிறு

பள்ளி லீவு விட்டு ஒன்பது நாள். பஸ் சாவியை ஒப்படைத்தாயிற்று. செப்டம்பர் வரை நான் யாரையும் ஏற்றி இறக்க வேண்டாம். காலையிலேயே கராஜில் பெரிய பானையை அடுப்பில் வைத்துவிட்டேன். அதே செர்ரி பை பீர்தான், நாலாவது வருஷமாக. மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட செர்ரி பையைச் சூடாக வெட்டினதும் வருமே ஒரு வாசம்: செர்ரிப் புளிப்பு, வெனிலா, பட்டை, மேலே முறுகின மாவு. அத்தனையும் ஒரு கிளாஸ் பீரில் வரவேண்டும். புளிப்பு வந்துவிடுகிறது. வெனிலாவும் வந்துவிடுகிறது. முறுகின மாவு மட்டும் மூன்று வருஷமாக என்னிடம் வரமாட்டேன் என்கிறது.

தங்கச்சி கொரினும் வந்திருந்தாள். சிகாகோவில் இருபது வருஷம் இருந்துவிட்டு, விவாகரத்து முடிந்து, போன மாதம்தான் இங்கே ஏரிப் பக்கம் வீடு பிடித்தாள். "சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும்க்கா. எனக்கும் கத்துக்குடு" என்றாள். முளைகட்டின பார்லி மால்ட்டைக் கிளறச் சொன்னேன். இரண்டு மணி நேரம் முகம் சுளிக்காமல் கிளறினாள். தங்கையோடு ஒரு முழு நாள் இருந்து எத்தனை வருஷம்! சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை எழுதிவைக்க வேண்டும். இன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 25, புதன்

கொரின் தன் வீட்டில் தனியாகவே ஒரு பானை போட்டாள். அதே செர்ரி பை பீர். "உன்னுது மாதிரியேதான்க்கா, வேற எனக்கு என்ன தெரியும்" என்று போனில் சொன்னாள். எட்டிப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். வீடு முழுக்க முறுகின மாவு வாசம்.

பீரில் போடுகிற ஓட்ஸை அவள் அப்படியே போடவில்லை. ஓவனில் பரப்பி, பழுப்பு நிறம் வரும்வரை வறுத்திருக்கிறாள்.

"எப்படித் தோணுச்சு?"

"தெரியலக்கா. பை மேல தூவுறதைச் சுட்டுத்தானே திங்கிறோம்? அதான்."

அதான். அவ்வளவுதான். மூன்று வருஷம்.

ஜூலை 10, வியாழன்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் கிளப் கூட்டம், செப்டம்பர் போட்டிக்கு முன்னால். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். செர்ரி இன்னும் சேர்க்காத பீரைத்தான் கொண்டுபோனோம், நானும் அவளும். வெர்னன் முதலில் என்னுடையதை வாங்கினார். கிளப்பைத் தொடங்கியவர் அவர்தான், அவர் நாக்கைத்தான் எல்லோரும் நம்புவார்கள். தலையாட்டினார். பிறகு கொரினுடையது வேண்டுமென்று, கிளாஸில் மீதியிருந்த என் பீரை வாளியில் ஊற்றினார். பாதிக்கு மேல் இருந்தது.

அவளுடையதை ஒரு வாய் குடித்துவிட்டு: "நோலா, இவ்வளவு நாளா உன் தங்கச்சிய எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கொரின் மட்டும், "எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்தது" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதுதான் இன்னும் எரிந்தது.

ஜூலை 12, சனி

தோட்டத்தில் செர்ரி பறிக்கப் போனோம். புளிப்புச் செர்ரி இந்த வருஷம் கொள்ளை. வாசலில் உட்கார்ந்து ஊக்கால் கொட்டை எடுத்தோம், முழங்கைவரை சிவப்பு. கொரின் தன் கதையெல்லாம் சொன்னாள். புருஷன் சூட்கேஸை எடுத்துக்கொண்டு போன நாள், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தது. கேட்கக் கஷ்டமாக இருந்தது. கேட்டுக்கொண்டே அவள் கிண்ணத்தைப் பார்த்தேன். என்னுடையதைவிட நிறைந்திருந்தது. என்ன மாதிரிப் பொம்பளை நான்?

சின்ன வயதில் நான் இரண்டு வருஷம் கிளாரினெட் படித்தேன். ஒரு மழைக்காலத்தில் அவள் அதை எடுத்து ஊதிப்பார்த்தாள். ஈஸ்டர் நிகழ்ச்சியில் அவள்தான் வாசித்தாள். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நானே அவள் கையில் கொடுத்துவிட்டு ரொம்பப் பெருந்தன்மையாக நின்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

என் வீட்டுக்காரன் டேல் கொரின் பீரை ருசி பார்த்துவிட்டு, "நிஜமாவே பை மாதிரி இருக்கு" என்றான். பத்தொன்பது வருஷம் ஆகிறது கல்யாணமாகி. என் பீரைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் "நல்லா இருக்கு".

ஜூலை 27, ஞாயிறு

என்ன செய்தேன் என்று எழுதிவிட வேண்டும்.

கொரின் பாட்டிலில் அடைக்க என்னைக் கூப்பிட்டாள். செர்ரி போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது. சர்க்கரை எவ்வளவு மீதி என்று காட்டுகிற ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தாள். 1.020. "பால் சர்க்கரை போட்டா அளவு மேலேயே நிக்கும்னு சொன்னியே, அதானே இது? அடைச்சிரலாம்ல?"

சொன்னது உண்மை. பால் சர்க்கரையை ஈஸ்ட் தின்னாது. ஆனால் 1.020 ரொம்ப அதிகம். பழத்தின் சர்க்கரை இன்னும் உள்ளே இருக்கிறது. கண்ணாடி ஓரமாகப் பொடிக் குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு நாள் விட்டு அளந்திருந்தால் இறங்கியிருக்கும். இதை இப்போதே அடைத்து, மேலே நுரைக்காகப் போடுகிற பாட்டில் சர்க்கரையும் சேர்த்தால் உள்ளே வாயு கூடிக்கொண்டே போகும். நுரை பொங்கி வீணாகும். இல்லையென்றால் பாட்டிலே வெடிக்கும்.

"சொல்லுக்கா, அடைச்சிரலாமா?"

நான் சொன்னது: "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவள் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நாற்பத்தாறு பாட்டில். மூடி அழுத்தும்போது நான்தான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

பொங்கி வீணாகட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். போட்டிக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான்.

ஜூலை 30, புதன்

வெயில் 93 டிகிரி. பாட்டில்களைத் துணி அலமாரியில் வைத்திருப்பதாகச் சொன்னாள். அவள் வீட்டில் ஏசி கிடையாது.

ஆகஸ்ட் 2, சனி

நானும் ஓட்ஸ் வறுத்து ஒரு பானை போட்டேன். பழைய பீரைக் கொட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. வாசம் பிரமாதம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் கடை வாசலில் ஒரு குளிர்பான கேன் வெயிலில் வெடித்துச் சிதறிக் கிடந்தது. ஒன்றுமில்லாத விஷயம். அப்படியே வண்டியைத் திருப்பினேன். போனில் கூப்பிட்டுக்கொண்டே போனேன். "அலமாரியைத் தொறக்காத. நான் வர்றேன். தொறக்காத, அவ்வளவுதான்."

வாசலிலேயே நின்றாள். "என்னக்கா, பாம்பா?"

"பீர். பாட்டில் வெடிக்கும்."

பனிக்காலக் கோட்டு இரண்டு எடுத்துவரச் சொன்னேன். பனி அள்ளுகிற கையுறை, பனிச்சறுக்குக் கண்ணாடி. தொண்ணூறு டிகிரி வெயிலில் இரண்டு பேரும் கரடி மாதிரி நின்றோம். கொரினுக்கு அடக்கமுடியாத சிரிப்பு. "அக்கா, உன்னைப் பாக்கணுமே! யாராச்சும் வந்தா வங்கிக் கொள்ளைன்னு போலீஸைக் கூப்பிடுவாங்க." நானும் சிரித்தேன். மேலே துண்டைப் போட்டு ஒவ்வொன்றாகப் பின்வாசலுக்குத் தூக்கிப்போய் மூடியைத் திறந்தோம். ஒவ்வொன்றும் ஆளுயரம் பீய்ச்சி அடித்தது. புல்வெளி முழுக்கச் செர்ரி வாசம், வறுத்த ஓட்ஸ் வாசம். அந்த நேரத்திலும் நான் நினைத்தேன், எவ்வளவு நன்றாக இருக்கிறது இது.

முப்பத்திரண்டாவது அவள் கையில் வெடித்தது.

கையுறைக்கும் கோட்டுக் கைக்கும் நடுவில் மணிக்கட்டு தெரிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில்தான். அவள் கத்தவில்லை. "ஓ" என்றாள், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. புல்லில் எது செர்ரி, எது ரத்தம் என்று தெரியவில்லை.

பதினோரு தையல். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லையாம். கால் அங்குலம் தள்ளியிருந்தால் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள். "வெடிக்கும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. "அன்னிக்கே."

"நான் கேட்டப்பவேயா?"

"ஆமா."

சிக்னல் பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். "என்னை வீட்டுல இறக்கிவிடு" என்றாள். இறக்கிவிட்டேன். ஒரு கையால் கதவை மூட முடியாமல் இடுப்பால் தள்ளி மூடினாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கொரின் என் போனை எடுப்பதில்லை. தையல் பிரிக்க டேல்தான் கூட்டிப்போனான். அவனிடம் நான் நடந்ததைச் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் காபி போட்டுக் கொடுத்தான்.

செப்டம்பர் 13, சனி

ஜெயித்துவிட்டேன். முதல் பரிசு. ஊர் பீர்க்கடைக்காரர் தன் பெரிய பானையில் என் பீரைக் காய்ச்சி, நவம்பரில் கடைக் குழாயில் விற்பனைக்கு விடுவார். பேரோடு பலகையில் எழுதுவார்கள். கிளப்பில் சேர்ந்த ஒன்பது வருஷமாக நான் கேட்ட ஒரே விஷயம்.

நடுவர் தாளில் எழுதியிருந்தது: "வறுத்த ஓட்ஸ் வாசம் அபாரம்."

வெர்னன் கைகுலுக்கினார். "பாவம் கொரின். அவளுதும் இருந்திருந்தா நல்ல போட்டியா இருந்திருக்கும். அக்கா எவ்வளவு சொல்லியும் கேக்காம அவசரப்பட்டு அடைச்சிட்டேன்னு அவளே சொன்னா."

"யார் சொன்னா?"

"அவதான். ஆகஸ்ட் கூட்டத்துல. கட்டுப் போட்ட கையோட வந்து, எல்லாரும் கவனமா இருங்கன்னு சொல்லிட்டுப் போனா."

நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் காப்பாத்திட்டா. நான் கேக்கவே இல்ல. யார் இவளைக் கேட்டா? இதுலயும் அவதான் பெரியவ ஆகணுமா? என்கிட்ட இருந்த ஒரே அழுக்கையும் துடைச்சு எடுத்து அவ கணக்குல நல்லதா ஆக்கிக்கிட்டா. எப்படி முடியுது அவளால! எனக்கு ஏன் முடியல?

அக்டோபர் 5, ஞாயிறு

போனை எடுத்தாள். "கை நல்லா இருக்கு. வச்சிர்றேன்."

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று குழாயில் விட்டார்கள். பலகையில் "நோலாவின் செர்ரி பை". கூட்டம் நிறைய. கொரினை டேல் போய்க் கூட்டிவந்தான். அவள் கார் மெக்கானிக்கிடம் இருக்கிறது. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு கிளாஸ் வாங்கினாள். பக்கத்தில் நின்றவரிடம், "எங்கக்கா பீர்" என்று சொல்வது கேட்டது. மணிக்கட்டில் அந்தத் தழும்பு, இன்னும் இளஞ்சிவப்பாக.

கடைக்காரர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நன்றி மட்டும்தான் சொல்ல நினைத்துப் போனேன்.

"ஓட்ஸை வறுக்கணும்னு கண்டுபிடிச்சது என் தங்கச்சி. நான் அதைத் திருடினேன். அப்புறம், அவ பாட்டில் வெடிச்சது அவ தப்பு இல்ல. வெடிக்கும்னு தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. பொறாமைல."

வெர்னன் கிளாஸை மேஜையில் வைத்தார். இந்தத் தடவை எதையும் எங்கேயும் ஊற்றவில்லை, அப்படியே வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

வெளியே குளிர். கொரின் எங்களோடுதான் திரும்ப வேண்டும், வேறு வழியில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தாள். டேல் வண்டி ஓட்டினான், காது கேட்காதவன் மாதிரி.

"யாருக்காகச் சொன்ன? எனக்காகவா?"

"தெரியல கொரின்."

"எனக்குத் தெரியும். நான் நல்லவளா இருந்தது உனக்குப் பொறுக்கல."

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. எத்தனையோ பதில் இருந்தது.

"ஆமா" என்றேன்.

சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கு வழியாகக் கொஞ்சம். அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அந்த பீர்ல தித்திப்பு ஜாஸ்தி."

கதவை மூடிவிட்டுப் போனாள்.

வீடு வரும்வரை கோபம். மூணு மாசம் கழிச்சு பேசுறா, பேசுறது இதுதானா? முதல் பரிசு வாங்கின பீர்!

இன்று மத்தியானம் ஒரு கிளாஸ் ஊற்றி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துப் பார்த்தேன். ஜாஸ்திதான்.