கதவுக்கு மட்டும் ஒரு சாவி

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். நலம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேன், மிச்சத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போன் இருக்கும்போது அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எனக்கென்று தனியாகப் போன் இல்லை, கூடத்தில் இருக்கும் போனில்தானே பேச வேண்டியிருக்கிறது, நான் படுப்பதும் கூடம், உன் அண்ணி கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆபீஸ் வேலை பார்ப்பதும் அதே கூடம். அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்பதோடு நிறுத்திவிடுகிறேன். அவளைக் குறை சொல்லவில்லை, அவள் பிழைப்பு அது. ஆனால் அவள் மீட்டிங்கில் இருக்கும்போது தம்ளரை மேடையில் வைக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது, பெற்ற பிள்ளை வீட்டில் திருட்டுப் பூனை மாதிரி நடக்கப் பழகிவிட்டேன்.

உன்னிடமும் ஒன்றை மறைத்திருக்கிறேன். அப்பாவின் பழைய கார் கீழே பார்க்கிங்கில் ஓடாமல் நிற்கிறதே, நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வாசல் கொக்கியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு போய் தினமும் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சில நாள் சும்மா இருப்பேன், சில நாள் கொஞ்சம் அழுவேன், இருமல் வந்தால் ஆசை தீர இருமுவேன். அந்தச் சாவிக் கொத்துதான் ஒரு மாதத்துக்கு முன்னால் காணாமல் போனது. கடைசியாக எடுத்தது நான்தானே, எனக்கே என்மேல் சந்தேகம். மாவு டப்பா, மருந்துப் பெட்டி, தலையணை உறை ஒன்று விடவில்லை, உன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தைக்கு மறதி வந்துடுச்சு என்று அண்ணி முடிவு கட்டிவிட்டாள், கோபத்தில் இல்லை, பயந்துபோய்த்தான். அடுப்பைத் தனியா பத்த வைக்காதீங்க என்றாள், இதையும் எங்கேயாவது வச்சிடுவீங்க என்று என்னிடம் இருந்த வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். இப்போது கீழே இறங்கினால் திரும்ப உள்ளே வர பெல் அடிக்க வேண்டும், அடித்தால் மீட்டிங் கெடும், அதனால் அவள் சாப்பிட எழுந்திருக்கும் மத்தியானம் ஒரு மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர் என்னம்மா இங்கே என்று கேட்டார், காற்று வாங்குகிறேன் என்றேன், அந்தப் படிக்கட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

உன் அண்ணன் கார் கம்பெனியில் கேட்டதற்குப் பூட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்களாம், அவர்கள் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். ஓடாத வண்டிக்குச் சாவி எதுக்கு, விடுங்க என்று அண்ணி பேச்சை முடித்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் குடை ரிப்பேர் கடையை ஒட்டி ஒரு பூட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் போய்க் கேட்டேன். பழைய வண்டிதானேம்மா, இதுல சிப்பு கிப்பு எதுவும் இருக்காது, அரம் இருந்தா போதும் என்றார், ஆனால் வண்டி உங்களுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று பிடித்துக்கொண்டார். வண்டிப் பேப்பர் அண்ணன் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. மறுநாள் நானும் அப்பாவும் காருக்கு முன்னால் நிற்கும் போட்டோவை எடுத்துக்கொண்டு போனேன், அதிலும் என் கைப்பை நம்பரில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சிரித்துவிட்டு என்னோடு கார் நிற்கும் இடத்துக்கு வந்தார். வெட்டாத சாவி ஒன்றைக் கதவுத் துவாரத்தில் விட்டுத் திருகுவார், வெளியே எடுத்து எங்கே தடம் பதிந்திருக்கிறது என்று பார்ப்பார், அந்த இடத்தை அரத்தால் ராவுவார், மறுபடி விடுவார், இப்படியே ஒரு மணி நேரம் போனது. எஞ்சினுக்கு வேறு சாவி, அதுக்குப் பூட்டைக் கழட்டணும், செலவு கூட ஆகும் என்றார். கதவுக்கு மட்டும் போதும் தம்பி என்றேன். வண்டி ஓட வேண்டாமாம்மா என்று கேட்டார். திறந்து மூடினா போதும்ப்பா என்றேன், சாவியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். நீ அனுப்பிய பணத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே இருக்கும்போது கண்ணாடியில் யாரோ தட்டினார்கள், பார்த்தால் உன் அண்ணன். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன், உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான், சாவி ஏது என்றுகூடக் கேட்கவில்லை. மேல போனா வீடு, வெளியே போனா ஆபீஸ், எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதாம்மா என்றான். சாயங்காலம் குப்பை கொட்டிட்டு வரேன் என்று போகிறவன் வர அரை மணி நேரம் ஆகுமே, அவ்வளவு நேரமும் இதற்குள்தான் இருந்திருக்கிறான். ஒரு நாள் காரை விட்டு இறங்கிப் போய், ஏதோ யோசனையில் குப்பைப் பையோடு சாவிக் கொத்தையும் தொட்டியில் போட்டுவிட்டானாம், காலையில் போய்ப் பார்ப்பதற்குள் குப்பை லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. குப்பை கொட்டக் கார் சாவி எதுக்கு என்று அவள் கேட்டா என்னம்மா சொல்வேன் என்றான். நான் மாவு டப்பாவைக் கவிழ்த்துத் தேடியபோது அவன் வாய் திறக்காமல் இருந்தது இதற்குத்தான். பிறகு, அந்தச் சாவியைச் சாயங்காலம் மட்டும் எனக்குத் தர்றியாம்மா என்று கேட்டான். என் வீட்டுச் சாவியை வாங்கிக் கொடு, இதைத் தர்றேன் என்றேன். பெற்ற பிள்ளையிடம் நான் இப்படிப் பேரம் பேசியதே இல்லை. சொல்றேம்மா என்று எழுந்து போனான்.

இன்றோடு ஆறு நாள் ஆகிறது, வீட்டுச் சாவி இன்னும் என் கைக்கு வரவில்லை. குப்பை கொட்டப் போகிறவன் சாவி போனதிலிருந்து இரண்டு நிமிஷத்தில் திரும்பிவிடுகிறான், வந்து முகத்தைப் பார்க்காமல் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்கிறான், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய் அண்ணியிடம் உண்மையைச் சொன்னால் அவன் அகப்பட்டுக்கொள்வான். சாவியை எடுத்துக் காட்டினாலோ, பார்த்தீங்களா, அத்தைகிட்டயேதான் இருந்திருக்கு என்பாள், என் மறதிக்கு அதுவே சாட்சி ஆகிவிடும். கொடுத்துத் தொலை, உன் பிள்ளைதானே என்று மனசு சொல்கிறது, காருக்குள் புழுக்கம் தாங்காமல் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருக்கும்போது கொடுக்காதே என்றும் அதே மனசுதான் சொல்கிறது. அவனாவது ஆபீஸ் போகிறான், நான் எங்கே போவேன்.

நீ இதற்குப் பதில் கடிதம் போடாதே, இங்கே தபால் யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் பிரித்துவிடுவார்கள். வேளைக்குச் சாப்பிடு, தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. மாப்பிள்ளையிடம் எதையும் மனசில் வைத்துப் பூட்டாமல் அன்றன்றைக்கே பேசிவிடு. நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உங்களோடு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அண்ணன் உன்னிடம் போனில் பேசும்போது என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், அம்மாவுக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல். அவனுக்குப் புரியும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா