கே சத்தம் வராத வார்த்தைகள்

என்னங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்காரர் வருவார். வாஷர் மட்டும் மாத்தச் சொல்லுங்க.

சண்டைக்கு அப்புறம் நாம பேசிக்கறதில்ல, அதான் எழுதறேன்.

காலையில சின்னவளை இங்கிலீஷ் டெஸ்டுக்குத் தயார் பண்ணினேன். 'கே'ல ஆரம்பிக்கும், ஆனா கே சத்தம் வராது, அந்த மாதிரி வார்த்தைங்க. நைஃப்னா 'கத்தி'ன்னு சொன்னா. நிட்னா 'பின்னுறது'ன்னு சொன்னா. "நாக்னா?"ன்னு கேட்டேன்.

"கதவத் தட்டுறது. அம்மா பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டு அழும்போது அப்பா வெளிய நின்னு கையத் தூக்குவாரே, அப்புறம் தட்டாமலே போயிடுவாரே, அது"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் அழுறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதைவிட, நீங்க கதவு வரைக்கும் வந்திருக்கீங்க! எட்டிக்கூடப் பாக்கலையேன்னுதானே நான் இத்தனை நாளா பொருமிட்டிருந்தேன்?

ஆஸ்பத்திரி வார்டுக்கு நேரமாச்சு. டூட்டி முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வரேன். பேசலாம்.

பி.கு.: சாவி ஷூ அலமாரியில இருக்கு. அப்புறம், அவ சொன்ன அர்த்தத்தைத் திருத்தாதீங்க. சரின்னு சொல்லித்தான் ஸ்கூலுக்கு அனுப்பினேன்.