எட்டுக் கூடை, ஒரு கறுப்புக் குட்டி

தை 9, புதன்

காலையில் கடும் பனி. பள்ளி நூலகப் பத்திரிகையில் பூஜ்ஜிய அறிவு நிரூபணம் (இனி பூ.அ.நி.) பற்றிக் கட்டுரை. ரகசியத்தைச் சொல்லாமலே, அது எனக்குத் தெரியும் என்று நிரூபிப்பது. கடவுச்சொல்லைக் காட்டாமல், நான்தான் என்று கணினிக்குக் காட்டலாம். குறை: ஒருமுறை சரியாகச் சொன்னால் போதாது, குருட்டாம்போக்காக இருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நேரம் தின்னும். அதைச் சுருக்கத்தான் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

மாலை. ஞாயிறு செங்கத்து ஆட்டு வியாபாரி வருகிறார். இரண்டு கறுப்புக் கிடாக்குட்டிகளில் ஒன்று என்னுடையது, ஒன்று அண்ணனுடையது. போன் வாங்க அண்ணன் தன்னுடையதை விற்கிறான். விற்கட்டும். ஆனால் சாப்பிடும்போது சொல்கிறான்: "ரெண்டும் ஒண்ணுதான். எது கொழுத்துக்கீதோ அத்த குடுத்துடலாம்."

பார்த்தால் தெரியாது, தராசில் போட்டால்தான் தெரியும்; ஆனால் கொழுத்தது என்னுடையது.

அப்பா: "எதுன்னு உனக்கு எப்படிடி தெரியும்? அடையாளம் சொல்லு."

சொல்லமாட்டேன். முன்பு என் குட்டியின் காதில் சின்ன வெட்டு போட்டேன். மறுநாளே அண்ணன் தன் குட்டிக்கும் அதே வெட்டு போட்டுவிட்டான். இப்போதைய அடையாளத்தை இங்கேயும் எழுதமாட்டேன். இந்த நோட்டை அவன் படிப்பான்.

தை 10, வியாழன்

வெயில். பூ.அ.நி. முதல் முயற்சி. நான் பிரித்துக் காட்டியபடி என்னுடையதைக் கொட்டகையில் இடப்பக்கமும் அவனுடையதை வலப்பக்கமும் அப்பா கட்டினார். அவர் ஏதாவது ஒன்றை வெளியே கொண்டுவர வேண்டும், யாருடையது என்று நான் சொல்ல வேண்டும். மூன்று முறையும் சரி. நாலாவதுக்கு அப்பா: "போதும்டி, சாமை காயப்போடணும்."

அண்ணன்: "மூணு தபா எனக்கும்தான் வரும்."

எட்டில் ஒரு வாய்ப்பு. வரும்தான். அவன் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல்.

தை 11, வெள்ளி

அம்மாவின் போனில் அண்ணன் இரண்டு குட்டிகளையும் மாற்றி மாற்றி எடுத்த இருபது படங்கள். ஒரே மூச்சில் பிரித்துக் காட்டிவிடலாம், அப்பாவுக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

அண்ணன் சிரித்தான். "அப்போ கண்ணால பாக்குற அடையாளம் இல்ல."

வேகத்துக்கு ஆசைப்பட்டு ரகசியத்தில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டேன். மாலையில் இரண்டு குட்டிகள் மேலும் வேப்பெண்ணெய் நாற்றம். வாசனையை அழிக்கிறானாம்.

தை 12, சனி

மேகம். சாமை புடைத்துக்கொண்டே யோசனை. இரண்டில் ஒன்று என்று கேட்பதால்தான் பாதி அதிர்ஷ்டம். எட்டில் ஒன்று என்று கேட்டால்? இரண்டு கேள்வி, ஆறு கேள்விக்குச் சமம். எண்ணிக்கையைக் கூட்டாதே, கேள்வியைப் பெரிதாக்கு. கட்டுரையில் இருந்தது இதுதான். இப்போதுதான் விளங்குகிறது.

ஊரில் ஆறு கறுப்புக் குட்டிகள் இரவல். எதிர்வீட்டு அத்தை: "இன்னாடி, உனுக்குக் கல்யாணமா? இத்தினி ஆடு எதுக்கு?"

தை 13, ஞாயிறு

பள்ளியில் குடியரசு நாள் கொடியேற்றம் முடிந்து மிட்டாயோடு வீட்டுக்கு ஓட்டம். வாசலில் எட்டுக் கூடை கவிழ்த்து, கூடைக்கு ஒரு குட்டி. நான் உள்ளே கதவைச் சாத்திக்கொள்ள, அப்பா என் குட்டியை ஒன்றில் வைத்தார். வெளியே வந்து ஒவ்வொரு கூடையையும் தூக்கினேன். தடவினேன், மோந்தேன், காதை வைத்தேன். எது பலித்தது என்று அண்ணனுக்குத் தெரியக் கூடாது. ஐந்தாவது. சரி.

அதற்குள் வியாபாரி வந்துவிட்டார். இரண்டாம் சுற்றுக்கு நான் மறுபடி உள்ளே; இம்முறை அண்ணன் வைத்தான். அப்பா அவரோடு பேச்சில். எட்டையும் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"இங்க இல்ல."

அண்ணன்: "நல்லா பாருடி."

"இல்ல."

அப்பா அண்ணனைப் பார்த்தார். அவன் விறகுக் கொட்டகைக்குப் போய் என் குட்டியைத் தூக்கிவந்தான். கூடையில் இருந்தது எங்கிருந்தோ பிடித்துவந்த இன்னொரு கறுப்பு.

அப்பா: "அவளுக்குத் தெரியுதுடா. உன்னுத ஏத்து."

வியாபாரி: "பொண்ண எங்கூட சந்தைக்கு அனுப்புங்க."

அண்ணன் குட்டி வண்டியில் போயிற்று.

இருட்டத் தொடங்கியதிலிருந்து என்னுடையது கத்திக்கொண்டே இருக்கிறது. பிறந்ததிலிருந்து இரண்டும் ஒட்டித்தான் தூங்கின. நிரூபிக்கும் மும்முரத்தில் இதை நினைக்கவே இல்லை.

கொட்டகைக்குப் போனேன். அண்ணன் கோணி விரித்து என் குட்டியின் பக்கத்தில் படுத்திருந்தான்.

"இப்பவாவது சொல்லு. குரலா?"

இனி ஒரே குட்டி. அடையாளத்துக்கு வேலையே இல்லை. இருந்தும் சொல்ல வாய் வரவில்லை.  அவன் நகர்ந்து, கோணியில் எனக்கும் இடம் விட்டான்.